அரசாணிக்காய் பிரெட்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

பொங்கலுக்கு வாங்குன அரசாணிக்காயில பாதி மிஞ்சிப்போச்சு. பொரியல் ஆச்சு, கூட்டு ஆச்சு, சாம்பார்லயும் போட்டாச்சு, இனிமே இதைக் கண்ணுல காட்டுனா வெளிய சாப்ட்டுக்குறோம்னு வீட்டுல சொல்லிட்டாங்க. சரின்னு மிச்சத்தை வேக வச்சு மசிச்சு பிரெட் மாவுல போட்டேன். வந்த பிரெட்டை அபார்ட்மெண்ட் குரூப்ல படம் போட்டதுதான் நான் பண்ணுன தப்பு, அன்னைலருந்து அதே பத்து இருபது கேள்விய மாத்தி மாத்தி கேக்குறாங்க. லிஃப்ட்ல கேக்குறாங்க, கோயில்ல கேக்குறாங்க, வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க ராத்திரி 11 மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்புறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே.

ஏனுங்க்கா, எந்தப் பூசணி? வெள்ளையா மஞ்சளா?

மஞ்சள். உள்ள ஆரஞ்சு கலர்ல கெட்டியா சதை இருக்குமே அது. கோயமுத்தூர் பக்கம் அரசாணிக்காய், சென்னைல பரங்கிக்காய், சில ஊர்ல சர்க்கரைப் பூசணி, எல்லாம் ஒண்ணுதான். ஆயுத பூஜைக்கு உடைக்கிறது, மோர்க்குழம்புல போடுறது, அது வெள்ளைப் பூசணி, அது வேற செடியே. அதுல கிட்டத்தட்ட எல்லாமே தண்ணி, மாவுச்சத்துன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, அதைப் போட்டா பிரெட்டுக்கு நிறமும் வராது மெதுவும் வராது.

கடையில கீத்து போட்டு விக்கிறப்ப சதை நல்லா அடர் ஆரஞ்சா, தோல் விரல் நகத்தால அழுத்துனா எறங்காத மாதிரி இருக்குறதா பாத்து எடுங்க. 400 கிராம் கீத்து ஒரு பிரெட்டுக்கு தாராளம். இளசா பச்சைத் தோலோட வர்றது பொரியலுக்கு நல்லாருக்கும், பிரெட்டுக்கு வேண்டாம்.

இங்லீஷ்ல வின்டர் ஸ்குவாஷ்னு போட்டுருக்கு, அப்ப குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்குமா?

இல்லைங்க. தோல் தடிச்சு முத்துனப்புறம் பறிக்கிறதால குளிர்காலம் முழுக்க கெடாம வச்சு சாப்பிடலாம்னு அந்தப் பேரு. ஐரோப்பா அமெரிக்கால பனி பெய்யுற மாசத்துக்கு எடுத்து வைக்கிற காய். எங்க பாட்டி பரண்ல வச்சிருப்பாங்க, காம்போட பறிச்சது மாசக்கணக்குல கெடக்கும். வச்சிருக்க வச்சிருக்க உள்ள இருக்குற மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும், அதனால பரண்ல கெடந்த காய்தான் பிரெட்டுக்கு இன்னும் ருசி. ஜப்பான்ல பகல் ரொம்பக் குறைஞ்ச நாளன்னிக்கு கபோச்சாங்கிற பூசணிய சாப்பிடுற வழக்கம் இருக்கு, அவங்க அதைப் போட்டு பஞ்சு மாதிரி பால் பிரெட்டும் பண்றாங்க. நம்ம பண்றதுக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது அதுதான்.

பூசணி வாசம் அடிக்குமா? என் பையன் கண்டுபிடிச்சா தொடக்கூட மாட்டான்.

அடிக்காது. ஈஸ்ட் வாசமும் வெந்த மாவு வாசமும் தூக்கிடும். லேசா இனிப்பு, நல்ல மஞ்சள் கலர், ரெண்டாவது நாளும் மெத்துன்னு இருக்கும், அவ்வளவுதான் பூசணி செய்யுற வேலை. பூசணி ருசி தூக்கலா வேணும்னு எதிர்பாத்து பண்ணுனா ஏமாந்து போவீங்க. என்னைக் கேட்டா பூசணிய ஒரு காயா நினைக்காதீங்க, கொஞ்சம் கெட்டியான தண்ணியா நினைங்க. இதை மண்டையில ஏத்திக்கிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் நீங்களே சொல்லிருவீங்க.

அளவு சொல்லுங்க, சும்மா கண்ணளவுன்னு சொல்லாதீங்க.

மைதா 300 கிராம், பூசணி விழுது 130 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (ஒண்ணேகால் டீஸ்பூன்), சர்க்கரை 25 கிராம், உப்பு 5 கிராம் (ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி), பட்டர் 25 கிராம், பால் 60லருந்து 90 மில்லி. இது எட்டரைக்கு நாலரை இன்ச் டின் ஒண்ணுக்கு சரியா இருக்கும்.

பட்டர் தவிர மத்ததெல்லாம் கலந்து, பால் மட்டும் முதல்ல 60 ஊத்தி, பிசைஞ்சு பாத்துட்டு மிச்சத்தை ஸ்பூன் ஸ்பூனா விடுங்க. 5 நிமிஷம் பிசைஞ்சப்புறம் பட்டர் சேத்து இன்னொரு 10 நிமிஷம். மூடி வச்சு ரெண்டு மடங்கு ஆனதும் காத்தை அமுக்கி எடுத்து, சதுரமா தட்டி, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமா சுருட்டி, ஒட்டுன பக்கம் கீழ இருக்குற மாதிரி டின்ல வைங்க. டின் விளிம்புக்கு மேல அரை இன்ச் எழும்புனதும் மேல பால் தடவி 180 டிகிரில 32லருந்து 35 நிமிஷம். ஓவனை 15 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணிருக்கணும்.

பால் அளவை ஏன் ஒரே நம்பரா சொல்லலன்னு கேக்குறாங்க. ஏன்னா உங்க பூசணில எவ்ளோ தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியாது! பச்சை அரசாணிக்காய்ல 100க்கு 90 பங்கு தண்ணி, அதை எப்படி வேக வச்சீங்க எவ்ளோ வடிச்சீங்கங்கிறதைப் பொறுத்து 130 கிராம் விழுதுல ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி கூடும் குறையும்.

குக்கர்ல வச்சேன், ஒரே தண்ணி. என்ன பண்றது?

குக்கர்ல தண்ணியில போட்டு வேக வைக்கவே கூடாது. இட்லி குண்டான்ல தட்டு மேல துண்டு போட்டு ஆவில 12 நிமிஷம், கத்தி சுளுவா எறங்குனா போதும். அப்புறம் மசிச்சு, ஒட்டாத வாணலில எண்ணெய் எதுவும் விடாம சின்னத் தீயில 5, 6 நிமிஷம் கிண்டுங்க, அல்வா மாதிரி இல்ல, கரண்டிய இழுத்தா வாணலி அடி ஒரு செகண்ட் தெரிஞ்சு அப்புறம் மூடுற பதம். ஓவன் இருந்தா தோலோட பெரிய துண்டா 200 டிகிரில சுட்டு எடுக்குறது இன்னும் மேல், தண்ணி தானா வத்தும், ஓரம் லேசா கருகி இனிப்பு ஏறும். ஆனா ஒரு கீத்துக்காக 45 நிமிஷம் ஓவன் ஓட்டுனா கரண்ட் பில்லு பேசும், அதனால வேற ஏதாவது வேகுறப்ப கூட வச்சிருங்க.

மிக்ஸில நைஸா அரைக்கணும்னு அவசியம் இல்ல, முள்கரண்டில மசிச்சா போதும். நாரு நாரா இருந்தா மட்டும் அரைங்க.

மாவு கையில அப்புது, இன்னும் மைதா போட்டுக்கலாமா?

வேண்டாம், பொறுங்க! இங்கதான் பத்துல எட்டு பேரு பிரெட்டை செங்கல்லா ஆக்குறீங்க. பூசணில பெக்டின்னு பசை மாதிரி ஒரு சத்து இருக்கு, மாவுச்சத்து இருக்கு, அது ஈரத்தைப் பிடிச்சு வச்சிருந்து பிசையப் பிசைய விடும், அதனால முதல் அஞ்சு நிமிஷம் ஒட்டத்தான் செய்யும். மூடி வச்சிட்டு 15 நிமிஷம் வேற வேலை பாருங்க, வந்து தொட்டா வேற மாவு மாதிரி இருக்கும். அப்பவும் பாத்திரத்துல கூழ் மாதிரி ஓடுச்சுன்னா ஒரு ஸ்பூன், மிஞ்சிப்போனா ரெண்டு ஸ்பூன் மைதா. கைக்கு மாவு தடவாம எண்ணெய் தடவிக்கோங்க.

பதம் என்னன்னா சப்பாத்தி மாவை விட நல்லா தளர்வு, பரோட்டா மாவு ஊற வச்சு எடுத்தா இருக்குமே அந்த மாதிரி. கொஞ்சம் பிச்சு ரெண்டு கையால மெதுவா இழுத்தா கிழியாம வெளிச்சம் தெரியுற அளவுக்கு விரியணும்.

ஈஸ்ட் போட்டேன், ரெண்டு மணி நேரமாச்சு, கல்லு மாதிரி அப்படியே இருக்கு.

விழுது சூடா இருந்துச்சா? நான் முத தடவ பண்ணுனது இதேதான். வாணலில கிண்டுன விழுதை அவசரத்துல வெதுவெதுன்னு இருக்குன்னு நெனச்சு கொட்டிட்டேன், மேல தொட்டா வெதுவெதுப்பு, நடுவுல கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கு. மசிச்ச பூசணி வெப்பத்தை உள்ள பிடிச்சு வச்சுக்கும். 55, 60 டிகிரி தாண்டுனா ஈஸ்ட் செத்துரும். அன்னிக்கு அந்த மாவை சின்னச் சின்னதா தேச்சு ரொட்டியா சுட்டுத் தின்னோம், வெளிய யாருக்கும் சொல்லல. இப்பல்லாம் விழுதை முத நாளே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சிர்றேன், மறுநாள் வெளிய எடுத்து வச்சு குளிர் போனதும் போடுறேன்.

சூடு இல்லைன்னா ஈஸ்ட் பழசா இருக்கலாம். கால் கப் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட், 10 நிமிஷத்துல நுரை வரலைன்னா பாக்கெட்டை தூக்கிப் போடுங்க. பிரிச்ச பாக்கெட்டை காத்துப் போகாத டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்குல வரும். பெரிய குருணையா இருக்குற டிரை ஈஸ்ட்னா அதை இந்த மாதிரி கரைச்சுட்டுதான் போடணும், இன்ஸ்டன்ட்னா நேரா மாவுல போடலாம்.

எவ்ளோ நேரம் பொங்க விடணும்? இட்லி மாவு மாதிரி ராத்திரி முழுக்க வைக்கலாமா?

நேரத்தைப் பாக்காதீங்க, மாவைப் பாருங்க. மார்கழி காலைல எங்க வீட்டுல ரெண்டு மணி நேரம் ஆகுது, அதே மாவு சித்திரைல 40 நிமிஷத்துல பாத்திரத்தை விட்டு எட்டிப் பாக்குது. விரலை மாவுல தொட்டு அரை இன்ச் அமுக்குங்க, குழி மெதுவா பாதி மூடுனா ரெடி, உடனே மூடுனா இன்னும் வேணும், மூடவே இல்லைன்னா தாண்டிப் போச்சு.

ராத்திரி முழுக்க வெளிய வச்சா புளிச்சு, ஆல்கஹால் வாசம் அடிச்சு, தொட்டா தொபுக்குன்னு உக்காந்துரும். இட்லி மாவு உளுந்தால தாங்குது, அதுல வேலை பாக்குறது பெரும்பாலும் பாக்டீரியா, இது ஈஸ்ட், கதை வேற. ராத்திரி வைக்கணும்னா பிசைஞ்ச உடனே எண்ணெய் தடவுன டப்பால மூடி ஃப்ரிட்ஜ்ல, 8லருந்து 12 மணி நேரம். காலைல சில்லுன்னே சுருட்டி டின்ல வச்சிருங்க, சுருட்டவும் ஈஸியா இருக்கும். டின்ல எழும்ப மட்டும் கூட நேரம் எடுக்கும்.

முழுக்க கோதுமை மாவுல வருமா?

வரும், ஆனா படத்துல பாத்தது வராது. தவிடு இருக்குறதால கொஞ்சம் கனமா இருக்கும். பாதி பாதி போடுறதுதான் எனக்குப் பிடிச்சது. கோதுமை தண்ணி கூட குடிக்கும், ரெண்டு மூணு ஸ்பூன் பால் சேத்து விட்டு, பிசையறதுக்கு முன்னாடி 20 நிமிஷம் ஊற விடுங்க. குளூட்டன் பவுடர் (மாவை இழுவையா பிடிச்சு வைக்கிற கோதுமைப் புரதம்) ஒரு டேபிள்ஸ்பூன் போட்டா நல்லா எழும்பும், இல்லாமயும் பண்ணலாம்.

ஓவன் இல்ல. குக்கர்ல மணல் போட்டு பண்ணலாமா?

பண்றாங்க. கேஸ்கட்டும் வெயிட்டும் கழட்டிட்டு, அடியில ஸ்டாண்ட் வச்சு, 10 நிமிஷம் சூடு பண்ணி, சின்னத் தீயில 40, 45 நிமிஷம். வெந்துரும், மேல மட்டும் வெள்ளையா இருக்கும், வெளிய எடுத்து தோசைக்கல்லுல கவுத்து நிறம் ஏத்திக்கலாம். ஆனா நல்ல குக்கரை இதுக்குப் பலி குடுக்காதீங்க, தண்ணி இல்லாம அவ்ளோ நேரம் காஞ்சா அடி வளைஞ்சுரும். பழைய கனமான அலுமினிய சட்டியும் தட்டும் போதும்.

இன்னொரு வழி, மாவை 50 கிராம் உருண்டையா உருட்டி இட்லி குண்டான்ல ஆவில 12 நிமிஷம். மஞ்சளா பஞ்சு பன். எங்க வீட்டுல பாதி பேருக்கு பிரெட்டை விட இதுதான் இஷ்டம்.

மேல கருகிப்போச்சு, வெட்டுனா நடுவுல பிசுபிசுன்னு இருக்கு.

பூசணி சர்க்கரையும் பால் சர்க்கரையும் சேர்ந்து மேல சீக்கிரம் செவக்கும், உள்ள ஈரம் அதிகம் இருக்குறதால மெதுவா வேகும். 20 நிமிஷம் ஆனதும் மேல அலுமினியம் ஃபாயில் போட்டு மூடுங்க, டின்னை கீழ் ரேக்ல வைங்க. சின்ன ஓடிஜில (மேடை மேல வைக்கிற கரண்ட் ஓவன்) மேல் கம்பி ரொம்பப் பக்கத்துல இருக்கும், அதுல இன்னும் முன்னாடியே மூடணும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 94, 95 டிகிரி காட்டணும், சும்மா தட்டிப் பாத்து சத்தம் கேக்குறது இந்த பிரெட்டுக்கு அவ்ளோ நம்பிக்கையா இல்ல.

அப்புறம், நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க, சூட்டோட வெட்டுனீங்களா இல்லையா? வெளிய எடுத்தப்புறமும் உள்ள மாவுச்சத்து கெட்டியாக நேரம் வேணும். டின்லருந்து 5 நிமிஷத்துல கவுத்து கம்பி மேல வச்சு ஒரு மணி நேரமாவது ஆற விடணும். ஆறுனப்புறமும் அடியில மட்டும் ஒரு பட்டை மாவா இருந்துச்சுன்னா விழுதுல தண்ணி ஜாஸ்தி, பூசணிய குக்கர்ல வேக வச்ச கேள்வில சொன்னதைப் பாருங்க.

நெட்ல பம்ப்கின் பிரெட்னு தேடுனா ஈஸ்டே இல்லாம பேக்கிங் சோடா போடுறாங்களே, எது சரி?

ரெண்டும் சரி, ரெண்டும் வேற. அமெரிக்கால அந்தப் பேர்ல பண்றது கேக் வகை, பட்டை கிராம்பு ஜாதிக்காய் போட்டு கரைச்சு ஊத்துறது, பிசையற வேலை இல்ல. சாண்ட்விச்சுக்கு ஆகாது. அந்த ரெசிபி விழுது அளவை எடுத்து இந்த மாவுல போட்றாதீங்க, அதுல குளூட்டன் தேவையே இல்ல அதனால விழுதை அள்ளிப் போடுவாங்க.

நாங்க டொராண்டோல இருக்கோம் அண்ணி, இங்க பூசணி விழுதை டின்ல விக்கிறாங்க, அதை யூஸ் பண்ணலாமா?

தாராளமா. டின்ல பூசணி மட்டும்தான் இருக்கான்னு பாத்துக்கோ, பை ஃபில்லிங்னு போட்டிருந்தா அதுல சர்க்கரையும் மசாலாவும் கலந்திருக்கும், வேண்டாம். டின்ல அடைக்கிறதுல நிறைய நம்ம அரசாணிக்காய் இனமேதான், பட்டர்நட்ங்கிற பூசணியும் அதே இனம். பட்டர்நட்ல தண்ணி கொஞ்சம் கம்மி, கபோச்சா இன்னும் வறட்சியா சக்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும், அதுக்கு பால் 90க்கு மேலயும் போகும். ஹாலோவீனுக்கு வாசல்ல வைக்கிற பெரிய பூசணி மட்டும் வேண்டாம், நாரும் தண்ணியும்தான். அங்க கிடைக்கிற பிரெட் மாவு நம்ம மைதாவை விட புரதம் கூட, நல்லா எழும்பும், பாத்து பொறாமையா இருக்கு.

எங்கட பாண் மாதிரி மேல மொறுமொறுப்பா வருமோ?

யாழ்ப்பாணத்துக்காரங்க ஒருத்தங்க கேட்டது, அங்க பிரெட்டுக்கு பாண்னுதான் பேரு. இந்த மாவுல வராதுங்க, பட்டரும் பாலும் சர்க்கரையும் தோலை மெதுவாக்கிரும். அதெல்லாம் நிறுத்திட்டு 300 மாவுக்கு விழுது 100, மிச்சம் தண்ணி, உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்டு 220 டிகிரில, ஓவன் அடியில ஒரு தட்டுல கொதிக்கிற தண்ணி வச்சு முதல் 10 நிமிஷம் ஆவியோட சுட்டா ஓரளவு கிட்ட வரும். பாண்ங்கிற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுட்டுப் போனது, மும்பை பாவும் அதே சொல்தான். பூசணியும் அமெரிக்கா கண்டத்துலருந்து கப்பலேறி வந்த காய், பாருங்க ரெண்டும் வெளியூர்க்காரங்கதான்.

பாலு, பட்டர் இல்லாம?

தண்ணியும் எண்ணெயும் அதே அளவு. முட்டை ஏற்கனவே இல்ல. தேங்காப்பால் போட்டா ரொம்ப நல்லாருக்கு.

கசப்பா இருந்துச்சு, இனிப்பு சேத்தா சரியாகுமா?

ஆகாது, தூக்கிப் போடுங்க! வெந்த துண்டை வாயில வச்சதுமே சுருக்குன்னு கசந்தா அது குக்குர்பிட்டசின், விஷம், வேக வச்சாலும் போகாது. வயித்தைப் புரட்டிரும். அபூர்வமா வரும், ஆனா அதுக்காகவே விழுது பண்றதுக்கு முன்னாடி ஒரு துண்டு ருசி பாத்துருங்க.

சுகர் இருக்கவங்களுக்கு நல்லதுதானே, காய் போட்டிருக்கே?

கணக்கு போடலாம். 130 கிராம் விழுது, 12 ஸ்லைஸ், ஒரு ஸ்லைஸுக்கு 11 கிராம் பூசணி, ஒரு டேபிள்ஸ்பூன் கூட வராது. அதே ஸ்லைஸ்ல மைதா 25 கிராம். மைதா பிரெட் மைதா பிரெட்தான், மஞ்சளா இருக்குறதால மருந்து ஆகிறாது. எங்க மாமனாருக்கு சுகர் இருக்கு, அவருக்கு ஒரே ஸ்லைஸ், அதுவும் முட்டையோட, அவர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவார்.

அப்ப பூசணிய ரெட்டிப்பா போட்டா சத்து கூடுமே?

200 கிராம் வரைக்கும் தள்ளிப் பாத்திருக்கேன், பால் ஒரு சொட்டு விடாம, விழுதை மட்டும் வச்சே பிசைஞ்சேன். வந்துச்சு, நல்ல தங்கக் கலர், கொஞ்சம் கனம். அதுக்கு மேல போனப்ப உக்காந்துருச்சு. பூசணில குளூட்டன் கிடையாது, அது கூடக் கூட பிரெட்டைத் தாங்கிப் பிடிக்கிற வலை மெலிஞ்சு போகும். 200 போடுறதா இருந்தா விழுதை வாணலில இன்னும் நல்லா சுண்ட வைங்க, ஃபாயில் போட்டு 5 நிமிஷம் கூட விடுங்க.

எவ்ளோ நாள் தாங்கும்?

பூசணி பிரெட்ல பூசணம் சீக்கிரம் பிடிக்கும்! ஈரம் அதிகம், கடை பிரெட்ல போடுற பதப்படுத்துற சாமான் நம்மகிட்ட இல்ல. வெயில் காலத்துல வெளிய ரெண்டு நாள், குளிர்ல மூணு. ஃப்ரிட்ஜ்ல வச்சா பூசணம் மெதுவாதான் வரும் ஆனா சீக்கிரம் வறண்டு போகும், அதனால ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசர்ல வச்சு, வேணுங்கிறப்ப நேரா டோஸ்ட் பண்ணிக்கோங்க.

சில சமயம் பூசணம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பழுத்த பழம் மாதிரி ஒரு வாசம் வரும், பிச்சா உள்ள நூல் நூலா இழுக்கும். அது வேற பாக்டீரியா, அதோட விதை மாதிரி இருக்குறது ஓவன் சூட்டுலயும் பொழைச்சுக்கும், நம்ம ஊர் வெக்கைல பெருகும். ஒரு டீஸ்பூன் வினிகர் மாவுல சேத்தா அது வர்றது குறையும், பழைய பேக்கரிக்காரங்க பண்றதுதான், ருசில தெரியாது. வந்துருச்சுன்னா முழு பிரெட்டையும் வீசிட்டு, பிரெட் வச்ச டப்பா, வெட்டுன பலகை எல்லாத்தையும் வினிகர் போட்டு கழுவி வெயில்ல காய வைங்க.

விதையை என்ன பண்றது, தூக்கிப் போட மனசு வரல.

கழுவி வெயில்ல ரெண்டு நாள் காய வச்சு, வாணலில வறுத்து, தோலை உரிச்சு உள்ள இருக்குற பருப்பை எடுத்து பிரெட் மேல தூவுங்க. ஒரு கைப்பிடி உரிக்க ஒரு சீரியல் எபிசோட் ஆகும். கடையில பச்சையா உரிச்சு விக்கிறதை வாங்கிட்டு, வீட்டு விதையில நாலு மண்ணுல ஊனி விடுங்க. எங்க வீட்டு மாடித் தொட்டில இப்ப ஒரு கொடி பூ விட்டிருக்கு, பொங்கலுக்குள்ள காய்க்குமான்னு பாக்கணும்.